வெறுங்கையோடு வந்தவனின் மனைவி

“கதையிலை வாற மனிசி ஏன் ஒண்டும் கதைக்கேல்லை?”

ஜெயகௌரி ரீச்சர் இதைக் கேட்பது மூன்றாம் நாள். ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் ஒரு சின்னக் கதை. கடலுக்குப் போனவன் மீனில்லாமல் வெறுங்கையோடு வருகிறான். மனைவி வாய் திறக்காமல் கால் கழுவத் தண்ணீர் வைக்கிறாள். அந்த மௌனம் அன்பு என்பது ரீச்சரின் விளக்கம். குருநகர் மீனவப் பிள்ளைகளுக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது.

“அன்பெண்டால் ஏசுவா தானே ரீச்சர்?” என்றாள் றொசாந்தி. “எங்கடை அம்மா கதைக்காமல் இருந்தால் அப்பாவுக்குச் சோறே இறங்காது.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ரீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை கல்விப் பணிமனையிலிருந்து நமசிவாயம் சேர் பாடம் பார்க்க வருகிறார். பாடம் பிழைத்தால் தீவுப் பக்கம் இடமாற்றம் என்று அதிபர் காதில் போட்டிருந்தார். மாற்றம் வந்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்று கணவர் முன்னமே சொல்லியாயிற்று.

அந்த வீட்டைப் பற்றி ஒரு குறை சொல்லமுடியாது, ஊருக்குச் சொல்ல ஆசைதான் என்றாலும். காலையில் சண்டிலிப்பாயிலிருந்து மோட்டச்சைக்கிளில் ஏற்றிவந்து இறக்குவதும் கணவர், பின்னேரம் ஏற்றிப்போவதும் கணவர். உள்ளிருந்து ஒரு சண்டைச் சத்தத்தை ஒழுங்கையில் போகிறவர் எவரும் கேட்டதில்லை. “சோடியெண்டால் அதெல்லோ!” என்று ஊரே மெச்சும்.

“நம்பாட்டில், உங்கடை அம்மாமாரை ஒருக்கால் கதைக்காமல் இருந்து பாக்கச் சொல்லுங்கோ!” என்று ரீச்சர் வகுப்பிடம் வாயைக் கொடுத்தார்.

மறுநாள் றொசாந்தியின் தாய் இராசாத்தி, மீன் விற்ற கையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றாள்.

“என்ன படிப்பு ரீச்சர் உது? நேற்றுப் பின்னேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தன். மனிசன் வெருண்டுபோய், நான் கேக்காத களவெல்லாத்தையும் தானே ஒப்பிச்சுப்போட்டான்! விடியவிடியச் சண்டை. பக்கத்து வீட்டிலையும் அதே கூத்து!”

இனி விளக்கமும் வேண்டாம், வில்லங்கமும் வேண்டாம் என்று ரீச்சர் ஒரே வரியைப் பாடமாக்க வைத்தார்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம். நமசிவாயம் சேர் கேள்வியை முடிக்கவில்லை, வகுப்பே எழும்பிக் கத்தியது: “சைலன்ஸ் இஸ் லவ், சேர்!”

அவர் முகம் சுளித்தார். “கிளிப்பிள்ளையளே நீங்கள்? கடைசி வாங்கிலை இருக்கிற பிள்ளை, நீர் சொல்லும். தமிழிலையே சொல்லும். அவ ஏன் கதைக்கேல்லை?”

எழுந்தவள் நிவேதனா. வருடம் முழுக்க வாயே திறக்காதவள். ரீச்சர் கண்ணால் கெஞ்சினார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டச்சைக்கிள் ஹோர்ன் அடித்தது. ரீச்சரின் கை தானாகக் கைப்பையைத் தேடியது.

நிவேதனா யன்னலைப் பார்த்தாள், ரீச்சரைப் பார்த்தாள்.

“பயத்திலை, சேர். உந்த ஹோர்ன் கேட்டால் எங்கடை ரீச்சரும் உப்பிடித்தான், ஒண்டும் கதைக்கமாட்டா.”