ரிவர்ஸ் கியரில் வந்த மணப்பெண்

மரியாதைக்குரிய ஆர்ன்ஸ்டைன் அண்ணாவுக்கு, தம்பி சிக்பியோர்ன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அங்கு உங்கள் இடுப்பெலும்பு ஒழுங்காகக் கூடிவருகிறது என்று நர்ஸம்மா போனில் சொன்னார்.

உங்கள் மகள் ராங்ஃப்ரிடின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பதால் அவளைத் தேவாலயத்தில் கொண்டு சேர்க்கும் பொறுப்பை என்னிடம் விட்டீர்கள்; சேர்த்துவிட்டேன். கார் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தது என்பது பற்றி ஊரில் பல மாதிரிப் பேசுகிறார்கள். அதனால்தான் நடந்ததை நானே எழுதுகிறேன்.

அக்கரைத் தேவாலயத்துக்கு வண்டியோடு படகேறும் துறைக்கு முன்னால் இருக்கும் மேட்டில்தான் வண்டிகள் வரிசையில் நிற்கும், உங்களுக்குத் தெரியும். மேட்டில் கார் பின்னால் உருளாமல் இருக்க மற்றவர்கள் ஹேண்ட்பிரேக் போடுவார்கள். நான் அப்படியல்ல. வாழ்நாள் முழுக்கத் தேவாலயத்தில் காலாலும் கட்டைகளை மிதித்து ஆர்கன் வாசித்தவன். கால் சும்மா இருந்தால் எனக்கு ஆகாது. க்ளட்ச் பெடலைப் பாதி விட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து, காரை அந்தரத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். க்ளட்ச் என்பது இஞ்சினையும் சக்கரங்களையும் சேர்த்துவைக்கும் தட்டு. பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும், விட்டால் சேரும், பாதியில் வைத்தால் உரசும். கார் வைத்திருப்பவர் அதை அவ்வப்போது கவனிக்க வேண்டும். நம் குடும்பத்தில் யாரும் செய்வதில்லை.

படகு வர நேரமானது. கருகல் வாடை வந்தது. யாரோ தார் காய்ச்சுகிறார்கள் என்று ராங்ஃப்ரிடிடம் சொன்னேன். அப்புறம் புகையும் வந்தது. படகில் வண்டிகளை ஏற்றிவிடும் மார்கிட் வந்து கண்ணாடியைத் தட்டி, "இது கல்யாண வண்டியா, மீனுக்குப் புகை போடுற வண்டியா?" என்று கேட்டாள். பதில் சொல்லும்படியான கேள்வியாக அது இல்லை.

"சித்தப்பா, நீங்க இந்தப் பக்கம் வந்து உட்காருங்க," என்றாள் ராங்ஃப்ரிட்.

"மணப்பொண்ணே ஓட்டிட்டு வந்தா ஊரு என்னம்மா சொல்லும்?"

"மணப்பொண்ணே வரலைன்னா என்ன சொல்லும்?"

இடம் மாறினோம். கல்யாணத்துக்குச் சூட்டியிருந்த வெள்ளிக் கிரீடத்தைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, மேட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் காரை அலுங்காமல் இறக்கிப் படகில் ஏற்றினாள். அக்கரை போகும்வரை பானெட்டைத் திறந்துவைத்துக் கடற்காற்றில் ஆறவிட்டாள். அக்கரையில் சமதரையில் கார் ஓடியது. தேவாலய மேட்டில்தான் மறுபடி மக்கர் செய்தது. இஞ்சின் கத்தியது, கார் அசையவில்லை. முதல் கியரிலும் அதே கதைதான். மேலே மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணா, உங்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்று அந்த மேட்டடியில் நினைத்தேன். அவளோ காரைத் திருப்பி, முகப்பு கீழே பார்க்க நிறுத்தினாள். ரிவர்ஸ் கியரில் இழுவை இன்னும் அதிகம், டிராக்டரில் செய்திருக்கிறேன் என்றாள். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாகப் பின்பக்கமாகவே ஏற்ற ஆரம்பித்தாள். ஏறியது.

மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்தது என்ன? மணப்பெண்ணின் கார் ஊரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. அவ்வளவுதான், மாப்பிள்ளை தோர்கில் ஓடிவந்தான். அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை. தீப்பிடித்தால்கூட நடந்துதான் வருவான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கல்யாணக் கோட்டு பறக்க, காரின் பின்னால் வழியை மறித்து வந்து நின்றான்.

"போயிடாத ராங்ஃப்ரிட்," என்றான். அதற்குமேல் அவனுக்கு மூச்சு வரவில்லை.

"வழிய விடு. வண்டி நின்னுச்சுன்னா மறுபடி ஏறாது."

வழிவிட்டான். ஆனால் திரும்பிப் போகவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை கூடவே ஓடிவந்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது கார் சுவரை லேசாகத் தொட்டது. அது வேறு விஷயம்.

இந்தப் பையனைப் பற்றி உங்களுக்கு இருந்த சந்தேகம் இனி வேண்டாம். மற்றபடி டாக்டர் சொல்லும்வரை கட்டிலை விட்டு இறங்காதீர்கள். அவசரமே இல்லை. ஆண்டவர் உங்களுக்குத் திடமான எலும்பும் நிறையப் பொறுமையும் அருள வேண்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
சிக்பியோர்ன்

பி.கு.: மணப்பெண்ணின் பாவாடை என் சின்ன வண்டியில் அடங்கவில்லை. ஆகவே மேலே "கார்" என்று வரும் இடங்களிலெல்லாம் "உங்கள் கார்" என்று படித்துக்கொள்ளவும். என் வண்டி மின்சாரத்தில் ஓடுவது. அதில் க்ளட்ச்சே கிடையாது.