குளியலறையில் உட்கார்ந்து ஜெயித்த ஆட்டம்

அன்புத் தங்கை கசில்டாவுக்கு,

நியூயார்க் குளிரிலிருந்து அல்தாக்ரேசியா மாதா உன்னைக் காப்பாற்றட்டும். உன் அக்கா பிரிகிதா எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் நலம்.

அன்றைக்கு என் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்குப் போனில் கதை அளந்தவர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை. நான் இருந்தேன். என் பேத்தி யோகாஸ்தா இருந்தாள். அவளைப் பெண் கேட்டு வந்த வில்கின் இருந்தான், அவன் அம்மா தோன்யா செனைதா இருந்தாள். உன் மகன் ஃபாவுஸ்தோ இருந்தான். சுவரில் அல்தாக்ரேசியா மாதா இருந்தாள், அன்று அவள் திருநாள். அவ்வளவுதான்.

இந்த சாந்தோ தொமிங்கோவில் நீல லிசேயும் சிவப்பு எஸ்கோகிடோவும் ஒரே பேஸ்பால் மைதானத்தில் குடித்தனம் நடத்தும் இரண்டு சக்களத்திகள் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நம் வீடு நீலம். என் வீட்டுக்காரர் கும்ர்சிந்தோவைப் பெட்டியில் கிடத்தி நாம் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஹசிந்தோ ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, சிவப்பு அணி பந்தை வேலி தாண்டி அடித்துவிட்டது என்று துக்க வீட்டிலேயே குதித்தானே, அப்போது பெட்டி மேல் கை வைத்துச் சொன்னேன், இந்த வீட்டுப் பெண் ஒருநாளும் சிவப்புக்காரன் வீட்டில் வாழப் போகாது என்று. ஹசிந்தோ செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. நான் இன்னும் அவனோடு பேசவில்லை.

பெண்ணின் அம்மா ஸ்பெயினில் வேலை பார்ப்பதால் சம்மதம் சொல்ல வேண்டியவள் நான்தான். என் கையால் காப்பி ஊற்றிக் கொடுத்தால் சம்மதம், கொடுக்காவிட்டால் வந்தவர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு போகலாம். அவர்கள் நாள் குறித்த பிறகுதான் அதே நாளில் இறுதி ஆட்டம் என்று தெரிந்தது. நீலமும் சிவப்பும் மோதும்போது எந்தக் கல்யாணத்துக்காகவும் டிவியை அணைக்க முடியாது. பையனிடம் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"தம்பி எந்தப் பக்கம்?"

யோகாஸ்தாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"நான் அவ்வளவா பந்து பாக்கறதில்ல பாட்டி."

இந்தத் தீவில் ஒரு ஆண்பிள்ளை பந்து பார்ப்பதில்லை என்றால், பல்லி சுவரைப் பார்த்ததில்லை என்று சொல்வது மாதிரி. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். சான்கோச்சோவைக் கிண்டுகிற மும்முரத்தில் விட்டுவிட்டேன். அவன் பயத்தில் மூன்று தட்டு குடித்தான், ஏழு இறைச்சி போட்ட குழம்பு, வயிறு சும்மா இருக்குமா, எட்டாவது சுற்றில் நாம் மூன்று ஓட்டம் பின்தங்கி, நான் மாதாவைப் பார்க்கவும் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எழுந்து குளியலறைக்குப் போனான். அவன் தாழ்ப்பாள் போட்டதும் நம் ஆள் ஒரு அடி அடித்தான் பார், இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள், இரண்டு ஓட்டம். பையன் வெளியே வந்தான். அடுத்தவன் உடனே அவுட். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் சொல். நல்லது நடக்கும்போது யார் எங்கே இருந்தாரோ அவர் அங்கேயே இருக்க வேண்டும், நம் அப்பா ஒரு முழு ஆட்டத்துக்கும் வாசற்படியில் ஒற்றைச் செருப்போடு நிற்கவில்லையா?

"தம்பி, போன எடத்துக்கே போங்க," என்றேன்.

"எனக்கு வேலை முடிஞ்சிருச்சு பாட்டி."

"உங்களுக்கு முடிஞ்சிருச்சு. எங்களுக்கு முடியல."

ஃபாவுஸ்தோவைக் கதவுக்குக் காவல் போட்டேன். ஒன்பதாவது சுற்று, அதுதான் கடைசி, இன்னும் ஒரு ஓட்டம் பின்னால், இரண்டு பேர் அவுட், நம் ஆள் ஒருவன் இரண்டாவது தளத்தில் நிற்கிறான், இன்னொருவன் அவுட் ஆனால் கோப்பை போயிற்று. தோன்யா செனைதா கைப்பையைப் பிசைந்துகொண்டிருந்தாள், நமக்காகத்தான் தவிக்கிறாள் என்று நான் அவள் முதுகைக்கூடத் தடவிக் கொடுத்தேன். சட்டென்று எழுந்து போய்க் கதவைத் தட்டினாள்.

"டேய் வில்கின், வெளிய வாடா. ஒன்னாலதான்டா நம்மாளுங்க தோக்கறாங்க."

"எந்த நம்மாளுங்க?" என்றேன்.

பையைத் திறந்து சிவப்புக் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே என்ன மறைக்கறது. எங்க வீட்டுப் பூனைகூட எஸ்கோகிடோதான்."

நான் மாதா படத்தைக் காட்டினேன். "அவ போர்வை என்ன நெறம் பாருங்கம்மா."

"போர்வை நீலம்தான். உள்ள கட்டியிருக்கற உடுப்பு சிவப்பு. நெஞ்சுக்குக் கிட்ட இருக்கறது எதுன்னு நீங்க பாருங்க."

கசில்டா, என் சொந்த வீட்டில், என் சொந்த மாதாவைச் சொல்கிறாள். "யோகாஸ்தா, காப்பி அடுப்பை அணை," என்றேன். கல்யாணம் அதோடு முடிந்தது. அந்தப் பெண் என்னிடம் அழவில்லை, குளியலறைக் கதவிடம் போனாள்.

"வில்கின், இப்ப நீ வெளிய வந்தா இந்த வீட்ல ஒனக்குக் காப்பி கெடையாது. என்னையும் மறந்துரு."

"உள்ளயே இருந்தேன்னா நம்ம வீட்ல ஒனக்குச் சோறு கெடையாது," என்றாள் பெற்றவள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. யோசிக்க முடியல."

அப்போது பார்த்துக் கரண்ட் போயிற்று.

பந்து வீசுகிறவன் கையைத் தூக்கியது வரைதான் பார்த்தோம். யோகாஸ்தா கதவைத் தட்டப் போனாள். "தொந்தரவு பண்ணாத, ஜெபம் பண்றான்," என்று ஃபாவுஸ்தோ தடுத்தான். தெருவில் யார் கத்துகிறார்கள் என்பதை வைத்துத்தான் இனி முடிவு தெரியும். முக்குக் கடையில் ஜெனரேட்டர் இருக்கிறது, அது சிவப்புக்காரர்களின் கூடாரம், அங்கே பட்டாசு வெடித்தால் நாம் செத்தோம். வெடிக்கவில்லை. நம் ஆள் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டித் தட்டிப் பிழைத்துக் கிடந்தானாம், பிறகு சொன்னார்கள். எவ்வளவு நேரம் நின்றேனோ, முழங்கால் மரத்துப்போயிற்று. பிறகு நம்மவர்கள் இருக்கும் கீழ்த்தெருவில் ஒரு சட்டியைத் தட்டும் சத்தம். இன்னொரு சட்டி. பிறகு தெரு முழுக்கச் சட்டி. பந்து வேலியைத் தாண்டிவிட்டது. கோப்பை நீலத்துக்கு.

கரண்ட் வந்ததும் வில்கின் கதவைத் திறந்தான். தலை முதல் கால் வரை வியர்வை, மூச்சு வாங்குகிறது. சொந்த அணியை, பெற்ற தாயை எதிர்த்து, என் பேத்திக்காக இருட்டில் மன்றாடியிருக்கிறான் என்று என் மனம் உருகிவிட்டது. கும்ர்சிந்தோவின் துண்டால் அவன் முகத்தைத் துடைத்தேன். நீலத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவன் சிவப்பு ஆகமாட்டான் என்று படத்திலிருந்த கும்ர்சிந்தோவிடம் எடுத்துச் சொன்னேன், அவரும் மறுக்கவில்லை. என் கையால் காப்பி ஊற்றினேன். செனைதா அழுதுகொண்டே இரண்டு கோப்பை குடித்தாள்.

ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். வந்துவிடு. என் பச்சைச் சட்டியையும் கொண்டு வா, அதை எந்த மழை நாளில் எடுத்துப் போனாய் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. ஃபாவுஸ்தோவைப் பெற்ற வயிற்றுக்கு என் ஆசீர்வாதம், அன்று தூண் மாதிரி நின்றவன் அவன் ஒருவன்தான். உன் வீட்டில் எல்லாரையும் மாதா காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா பிரிகிதா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வில்கின் வந்தான். பாவசங்கீர்த்தனம் செய்யப் போனானாம், பாட்டியிடமும் சொல்லிவிட்டு வா என்று சாமியார் அனுப்பினாராம். கரண்ட் போனதும் குளியலறை ஜன்னல் வழியாகக் குதித்து, முக்குக் கடைக்கு ஓடி, சிவப்புக்காரர்களோடு நின்று சிவப்புக்காகக் கத்தியிருக்கிறான். அவன் கடைக்குள் கால் வைத்ததும் நம் ஆள் அடித்த பந்து வேலியைத் தாண்டியிருக்கிறது. "எங்கேருந்துடா வந்த எழவே" என்று அவர்கள் துரத்த, ஓடி வந்து, வெளியே இருக்கும் தண்ணீர்ப் பீப்பாய் மேல் ஏறி அதே ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தானாம். என் துண்டு துடைத்தது அந்த வியர்வையை.

யோசித்துப் பார்த்தேன். கல்யாணம் நடக்கட்டும். சிவப்புக்கு இப்படி ஒரு தரித்திரம் பிடித்தவனை நான் வேறு வீட்டுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன், இனி ஒவ்வொரு இறுதி ஆட்டத்துக்கும் அவனை அந்தக் கடையில் கொண்டுபோய் நிறுத்துவேன். அவனை மன்னித்துவிட்டேன். அவன் தாயையும் மன்னித்துவிட்டேன். ஆனால் அந்த ஜன்னல் உள்பக்கம் ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. எப்படி ஏறினாய் என்று கேட்டேன், அதையும் சொல்லிவிட்டான். கதவுக்குள் நுழைந்து அவனுக்குத் தோள் கொடுத்து ஏற்றிவிட்டு, "எப்படியாவது நம்மள ஜெயிக்க வை" என்று காதில் சொல்லி அனுப்பி, ஜெபம் பண்றான் என்று என்னிடம் புளுகிய அந்தச் சிவப்புப் பயலை மட்டும் நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அவன் உன் மகன் ஃபாவுஸ்தோ.