லண்டனிலிருந்து வந்த வெங்காய நிபுணர்

பொய் சொல்வதில் எனக்குச் சாமர்த்தியம் போதாது. இதை அடக்கத்தில் சொல்லவில்லை. பதினான்கு அடிக்குறிப்புகள் சாட்சி.

முனைவர் பட்டத்துக்காகச் சின்ன வெங்காயச் சாகுபடி வழக்கங்களை ஆராய்ந்தேன். (ஆராய்ந்தேன் என்றால், பாடாலூர்ப் பக்கம் எங்கள் காட்டில் என் மனைவி மலர்க்கொடி வெங்காயத்தோடு மல்லுக்கட்ட, நான் வேப்ப மரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.) ஆறு வருஷம் அந்த வெங்காயம்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

நெறியாளர் கறாரானவர். "ஒவ்வொரு கருத்துக்கும் அடிக்குறிப்பு வேணும். ஆசிரியர், நூல், பதிப்பகம், பக்கம். சும்மா 'சொல்றாங்க'ன்னு எழுதினா தூக்கிப் போட்டுருவேன்" என்றார்.

பாதிக் கருத்துகளைச் சொன்னது மலர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். 'என் மனைவி சொன்னாள்' என்று எழுதினால் துறையில் சிரிப்பார்களே! புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, தாம்சன் என்று ஒரு வெள்ளைக்காரரைப் பெற்றெடுத்தேன். புத்தகம், பதிப்பகம், பக்க எண் எல்லாம் கொடுத்து லண்டனில் குடிவைத்தேன். காற்புள்ளி, முற்றுப்புள்ளியில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது.

வாய்மொழித் தேர்வு அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மலர் பட்டுப்புடவை கட்டி, எல்லோருக்கும் கொடுக்க லட்டும் மிக்சரும் நிறைந்த கட்டைப்பையோடு கடைசி வரிசையில் இருந்தாள். பட்டம் கிடைத்தால் எனக்கு நிரந்தர வேலை, அவள் வெயிலில் காய்வது குறையும். அவ்வளவுக்கும் அந்த ஒரு நாளைத்தான் நம்பியிருந்தோம்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். "'வெங்காயம் சேமித்த பட்டறைக்குள் கைவிட்டுப் பார்க்கையில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது, அன்றே பிரித்துவிட வேண்டும் என்கிறார் தாம்சன்.' ஏங்க, லண்டன்காரருக்கு நம்ம பட்டறை எப்படித் தெரிஞ்சுது?"

பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"சார், அது நான் சொன்னதுங்க."

கட்டைப்பையோடு எழுந்து நின்றாள் மகராசி. எனக்கு உதவுவதாக நினைப்பு. "போன மழைக்குப் பட்டறை பிரிக்கறப்ப சொன்னேன். இவரு மறந்துட்டாரு போல. ஏங்க, தாம்சன் யாருங்க?"

அரங்கமே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. பட்டம் போச்சே என்று மட்டும் இல்லை. அவள் என்னைத் துளிகூடச் சந்தேகப்படவில்லை.

"தாம்சன் எத்தனை எடத்துல வராரு?" என்றார் தேர்வாளர்.

"பதினாலுங்க சார்."

"பதினாலையும் எடுங்க. இந்த அம்மாகிட்ட முறையா பேட்டி எடுத்து, பேரு ஊரோட போட்டுக் கொண்டாங்க. பட்டத்த அப்புறம் பேசலாம்." லட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் உண்மையைச் சொன்னேன். "உன் பேரப் போட வெக்கமா இருந்துச்சு புள்ள."

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெரம்பலூரில் பஸ் நின்றதும் என் பக்கம் திரும்பினாள். "வெங்காயத்துல சோறு திங்கறப்ப வராத வெக்கம்!" சொல்லிவிட்டு, மிச்சமிருந்த லட்டில் ஒன்றை என் கையில் வைத்தாள்.

மறுநாள் காட்டில் பேட்டி. "பேரு?" என்றேன்.

"தெரியாதாக்கும்?"

"முறைப்படி கேக்கணும் மலரு."

"அப்ப முறைப்படி குனிஞ்சு, வெங்காயத் தாள அரிஞ்சிக்கிட்டே கேளுங்க."

பதினான்கு அடிக்குறிப்புக்கு மூன்று மூட்டை அரிந்தேன். தகவல் தந்தோர் பட்டியலில் முதல் பெயராக மலர்க்கொடி, விவசாயி என்று ஏறியது. பட்டமும் வந்தது, வேலையும் வந்தது.

என் மகள் செல்போனில் அம்மாவின் எண்ணை இன்றும் 'தாம்சன்' என்றே வைத்திருக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்த என் பெரியப்பா, "டாக்டர் பட்டம் வாங்குறது ரொம்பக் கஷ்டமோப்பா?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் மலர் முந்திக்கொண்டாள்.

"இவருக்கென்னங்க மாமா கஷ்டம்? பாவம், தாம்சன்தான் வெயில்ல கெடந்து கருத்துப் போனாரு."