குற்றம் கற்களுடையது

நாட்டின் மானம் எங்கே இருக்கிறது என்று வாகனத் துறை நெடுநாள் ஆராய்ந்தது. கடைசியில் அது கார்களின் டேஷ்போர்டில் இருப்பதாகக் கண்டுபிடித்தது. இனி எந்த வண்டியின் ஸ்பீடோமீட்டரும் மைல் காட்டக் கூடாது, கிலோமீட்டர் மட்டுமே காட்ட வேண்டும் என்று ஆணை பிறந்தது. அந்நிய அளவு ஒழிந்தது என்று, ஆஸ்பத்திரி கேட்டுப் போராடிவந்த எங்கள் குழுவும் சுவரொட்டி ஒட்டியது. கேட்டதைத் தராத அரசு, கேட்காததைத் தந்தால் அதையும் எங்கள் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்வோம்.

எங்கள் குடியிருப்புக்கு இருந்தது ஒரே ஒரு வாடகைக் கார். வெளிநாட்டில் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்தது. அதன் மீட்டரில் எல்லாமே மைல். டிரைவர் அதைத் தகுதிச் சோதனைக்கு ஓட்டிப்போனார். முத்திரை கிடைக்காவிட்டால் வண்டி நிற்கும்; வண்டி நின்றால் அவர் வீட்டில் அடுப்பும் நிற்கும்.

ஆய்வாளர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்னய்யா இது, மைல்னு போட்டிருக்கு?"

"மீட்டரையே மாத்தணும் சார். எங்கேயும் கிடைக்கல."

"மீட்டரை யாரு மாத்தச் சொன்னா? எழுத்தை மாத்து. வாசல் கடையில ஸ்டிக்கர் விக்கிறான் பாரு."

டிரைவர் 'மைல்' மேல் 'கி.மீ.' என்று ஒட்டினார். எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆய்வாளர் மனநிறைவோடு முத்திரை குத்தினார்.

அடுத்த வாரமே போலீஸ் மறித்தது. வேகத்தைப் பிடிக்க அவர்களுக்கென்று ஒரு முறை உண்டு. ஒரு கிலோமீட்டர் கல்லருகே ஒருவர், அடுத்த கல்லருகே இன்னொருவர், கையில் கடிகாரம். ஐம்பதைத் தாண்டக் கூடாத சாலையில் கார் அறுபத்துநாலில் வந்ததாகக் கணக்குச் சொன்னது.

"முள்ளு நாப்பதுலதான் சார் நின்னுச்சு," என்றார் டிரைவர்.

போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். மீட்டரில் கி.மீ., கண்ணாடியில் முத்திரை. "அப்போ வாகனத் துறை எங்களைப் பொய்யனுங்கன்னு சொல்லுதா?"

இரண்டு துறைகளின் கௌரவமும் மோதிக்கொண்டதால் வழக்கு இரண்டுக்கும் மேலான ஆணையரிடம் போனது. தோற்றால் லைசென்ஸ் ரத்து. டிரைவரின் மனைவி வாசல்வரை வந்து சொன்னாள்: "உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க. தலையையா வாங்கிடுவாங்க?"

அவரும் சொன்னார். "ஐயா, அது மைல்தான். மேல ஸ்டிக்கர் ஒட்டினது நான்தான்."

ஆய்வாளர் துள்ளி எழுந்தார். "அரசு முத்திரை விழுந்தப்புறம் அது எப்படிய்யா மைலாகும்? முத்திரை பொய்ங்கிறியா?"

"ஐயோ, இல்ல சார்."

"அப்போ கிலோமீட்டர்."

"சரி சார்."

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். "முத்திரை அரசுடையது, தவறாது. கடிகாரமும் அரசுடையது, தவறாது. மிச்சம் இருப்பது கற்கள். கற்கள் சார்பில் யாராவது பேச வந்திருக்கிறீர்களா?"

யாரும் வரவில்லை. கற்கள் ஒன்றுக்கொன்று அளவுமீறி நெருங்கி நின்று பொதுமக்களை ஏமாற்றியது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று. டிரைவர் விடுதலையானார்.

கற்களைப் பிடுங்கி நடும் பணி அந்தக் காரிலேயே நடந்தது. ஆணையர் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பார். மீட்டரில் தூரம் ஒன்று கூடும்போதெல்லாம் கையைத் தட்டுவார். அங்கே ஒரு கல் நடப்படும். வேலை முடிந்ததும், அதுவரை ஒழுங்காகக் கிலோமீட்டர் காட்டிய கார்களெல்லாம் கல்லுக்கு ஒத்துவராத கார்களாயின. அவற்றின் சொந்தக்காரர்கள் அடித்துப்பிடித்து மைல் மீட்டர் வாங்கி, மேலே ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மைல் மீட்டர் மாட்டாத கார் நாலு பேர் கூடும் இடத்துக்குப் போகவே கூசியது.

இங்கேதான் எங்கள் குழுவுக்குப் பொற்காலம் வந்தது. பத்துக் கிலோமீட்டருக்குள் ஆஸ்பத்திரி வேண்டும் என்பது எங்கள் தலையாய கோரிக்கை. அதற்காகத் தடியடி பட்டோம், சிறை போனோம். இருந்த ஆஸ்பத்திரி பதினாறாவது கல்லில் கிடந்தது. இப்போது பத்தாவது கல்லில் கம்பீரமாக நின்றது. ஒரு செங்கல்கூட வைக்காமல் மக்கள் கோரிக்கை நிறைவேறியதாக ஆணையர் அறிவித்தார். ஆஸ்பத்திரி வாசலில் வெற்றி விழா. குழுவினர் அந்தக் காரிலேயே நெருக்கியடித்துப் போய் இறங்கினோம். டிரைவரின் மனைவியும் கூட வந்தாள்.

மேடையில் ஆணையர் முழங்கினார்: "நாட்டின் தூரங்களுக்கெல்லாம் அளவுகோலான இந்தக் கார் இனி ஓடித் தேயக் கூடாது. கண்ணாடி அறையில் வைத்துக் காக்கப்படும்."

நாங்கள் கைதட்டினோம். காருக்கு மாலையும் போட்டோம். டிரைவர் எங்கள் முகத்தையே பார்த்தார்.

"அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. அது என் பொழப்பு."

எங்கள் குழுச் செயலாளர் அவர் தோளைத் தட்டினார். "தியாகம் இல்லாம வெற்றி ஏது தம்பி?"

விழா முடிந்தது. திரும்பிப் போக வண்டி இல்லை. எல்லோரும் நடந்தோம். முதல் கல்லைத் தாண்டுவதற்குள் டிரைவரின் மனைவி கேட்டாள்: "ஏண்ணே, நாளைக்கு ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா எதுல கொண்டு வர்றது?"

"பக்கத்துலதானேம்மா இருக்கு, பத்தே கிலோமீட்டர்," என்றார் செயலாளர், மூச்சிரைக்க.

"காரைத் திருப்பிக் கேட்டு ஒரு போராட்டம் பண்ணலாமாண்ணே?" என்றார் டிரைவர்.

செயலாளர் நடுரோட்டில் நின்றுவிட்டார். "நம்ம வெற்றியை எதிர்த்து நாமே போராடச் சொல்றியா?"

கோஷம் போட்டபடி நடந்தோம். பத்துக் கற்களைத்தான் கடந்தோம்; கால்கள் மட்டும் பழைய கணக்கிலேயே வலித்தன.