ஐஸ் நைனா எடுத்த அண்டா கேஸ்

ஐஸ் நைனா சந்தேகப்படாத ஆள் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அது ஐஸ் நைனா.

மீன்பிடி துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் பெட்டியில் கொட்டுவது அவர் வேலை. முட்டி தேய்ந்ததும் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு முதல் வீடு என்னுடையது, கடைசி வீடு அவருடையது. வாசலைப் பார்த்தபடி ஒரு டிவி, அதற்கு எதிரே கவிழ்த்துப் போட்ட ஒரு டிரம். படகுக்கு அடித்து மிஞ்சின நீலப் பெயிண்டை வருஷா வருஷம் அந்த டிரம்முக்கு அடிப்பார். அதில் உட்கார்ந்துதான் அந்தத் தொடரைப் பார்ப்பார்.

வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேசும். யாரும் துப்புத் துலக்காமல் மூடிவைத்த பழைய கேஸ்களை ஒரு போலீஸ் குழு தூசி தட்டி எடுக்கும். செத்தவன் எலும்பாகியிருப்பான், கொன்றவன் பேரன் பேத்தி எடுத்திருப்பான், அப்போதும் விடமாட்டார்கள். நைனா சோற்றை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்.

பார்த்ததோடு விட்டாரா? தெருவில் கிடந்த பழைய கேஸ்களை எல்லாம் எடுத்தார். என்றோ காணாமல் போன சேவல், கல்யாண வீட்டில் மாறிப்போன செருப்பு. டிவியில் போட்டோக்களை ஒட்டி நூல் கட்டுகிறார்கள் அல்லவா? இவர் சுவரெல்லாம் ஆணி அடித்து வலை பின்னும் நூலைக் கட்டினார். காதுகுத்திலும் வளைகாப்பிலும் எடுத்த போட்டோக்களில் தெருவே அவர் வீட்டில் தொங்கியது.

விசாரிக்கும் முறை மட்டும் அவருடைய சொந்த முறை. இமையைத் தூக்கிக் கண்ணைப் பார்ப்பார்.

"மீனு கண்ணு தெளிவா இருந்தா புச்சு, கலங்கி இருந்தா பழசு. மன்சனுக்கும் அதான். பொய் சொன்னா கலங்கிடும்" என்பார்.

மெட்ராஸ் ஐ வந்திருந்த பால்காரர், சேவல் செருப்பு இரண்டையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் சைக்கிளை எடுக்க முடிந்தது.

கடைசியில் அம்மன் கோயில் அண்டா கேஸை எடுத்தார். அதில் தெருவே சந்தேகப்பட்டது என்னைத்தான்.

ஆடி மாதம் கூழ் காய்ச்சும் பித்தளை அண்டா அது. கோயிலுக்குப் பக்கத்து வீடு என்பதால் என்னிடம்தான் இருக்கும். பல வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் புளியந்தோப்பில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். தெருவில் ஆலை எண்ணெயோடு வெள்ளம் ஏறி, திரும்பி வந்தபோது அண்டா இல்லை. "தண்ணி இஸ்துகினு பூட்ச்சி" என்றேன். கூழ் ஊற்றுவதற்குத் தலைமை தாங்கும் பொன்னி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பித்தள அண்டா மெதக்குமாமே? ஆருக்கு காது குத்துற?" என்று கேட்டாள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு கூழ் துழாவ என்னைக் கூப்பிடவில்லை. நான் போனால் பேச்சு நிற்கும். என் வாசற்படியை ஒருவரும் மிதிக்கவில்லை.

நைனா மிதித்தார். தினமும் சாயங்காலம் வந்தார்.

"தோ பாரு சரோசா. சீரியல்ல கம்முனு கீறவதான் கடசீல மாட்டுவா. நீ ரொம்ப கம்முனு கீற."

"என் கொணமே அதான் நைனா."

"அல்லாரும் அத்தான் சொல்றாங்கோ."

டீ கொடுத்தால் உடனே குடிக்கமாட்டார். விஷம் கலந்திருப்பேனாம். நான் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். இமையைத் தூக்குவார், முனகுவார், போவார். மறுநாளும் வருவார்.

ஒருநாள், "சரி, நீ இன்னாதான் நெனைக்கிற?" என்று கேட்டார்.

அத்தனை வருஷத்தில் என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. மெதுவாகச் சொன்னேன். "ஆர்பர்ல அம்மாம்பெரிய இரும்புக் கப்பலே மெதக்குது. அண்டா மெதக்காதா நைனா?"

டீயைக் கீழே வைத்தார். "இத்த ஏன்மே அன்னிக்கே சொல்லல?"

"ஆரும் கேக்கல."

அடுத்த பெருமழைக்காகக் காத்திருந்தார். அந்தத் தொடரில் குற்றத்தை நடந்தபடியே மறுபடி நடத்திப் பார்ப்பார்களாம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியபோது பொன்னி வீட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"யோவ் நைனா! எங்க மாமியா குட்த்த அண்டாயா. அது முழுவிச்சி, உன்னியும் முழுவ வச்சிடுவேன்!" என்று பின்னாலேயே ஓடி வந்தாள் பொன்னி.

என் வாசலில் விட்டார். முழுகவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, கோயில் யானை மாதிரி அசைந்து அசைந்து போனது. தெருவே முட்டியளவு தண்ணீரில் பின்னால் நடந்தது. கடைசி வீட்டு வாசற்படியில் டங்கென்று இடித்து நின்றது.

"இன்னா நைனா, உன் வூட்டாண்ட வந்து நின்னுகினு கீது?" என்றாள் பொன்னி.

நைனா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு படியேறினார். திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். எல்லாரும் பார்த்தோம். டிவிக்கு எதிரே நீல டிரம்.

அவர் கதவைச் சாத்திவிடுவார் என்றுதான் நான் சந்தேகப்பட்டேன். கேட்க ஆள் யார்? ஆனால் அவர் ஐஸ் குத்தும் கம்பியை எடுத்துப்போய் டிரம்மைச் சுரண்டினார். நீலம் உரிந்தது. அதற்குக் கீழே கறுப்பாய் எண்ணெய்க் கசடு. அதற்கும் கீழே மஞ்சளாகப் பித்தளை.

நைனா நேரே பொன்னி முன்னால் வந்து நின்று தன் இமையைத் தானே தூக்கினார்.

"நல்லா பாரு. கலங்கி கீதா? நான்தான். அன்னிக்கி எண்ணெயும் சேறுமா மெதந்துகினு வந்துச்சி. தகர டிரம்முனு எட்த்து பெயிண்டு அட்சிட்டேன். கனமா கீதேன்னு அப்பவே ரோசிச்சிருக்கணும். இனிமே இவ மேல எவனாச்சும் வாய வச்சீங்க, பேஜாராயிடும்."

புளி போட்டுத் தேய்த்த அண்டா என் வீட்டுக்கே திரும்பி வந்தது. ஆடியில் பொன்னி வாசலில் வந்து நின்று, "துழாவ வர்றியாக்கா?" என்று கேட்டாள். போனேன்.

நைனாதான் வரவில்லை. சுவரில் நூலை அவிழ்த்துவிட்டார். டிவியை அணைத்துவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால், "திருடனே போலீசா இருந்தா நல்லாவா கீது?" என்பாராம். சாயங்காலமானால் நான் டீயை வைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பேன்.

அதுவரை நான் ஒருவர் கதவையும் தட்டியதில்லை. ஒருநாள் தெருக்கோடி வரை நடந்துபோய் நைனாவின் கதவைத் தட்டினேன்.

"நைனா, என் தொடப்பத்த காணோம்."

துடைப்பம் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. வைத்ததே நான்தான்.

நைனா எழுந்து வந்தார். என் இமையைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கஷ்டமான கேஸுமே. டீயப் போடு. தெனம் வந்து விசாரிச்சாதான் முடியும்."