குறை காணும் கண்ணாடி

குறையே இல்லாத வைரம் அபூர்வம் என்று எங்கோ படித்த நாளிலிருந்துதான் எனக்குச் சாப்பாடு ருசித்தது.

காரணம் இருக்கிறது. கியர் வைத்த சைக்கிள் வாங்க ஆசை ஆசையாகச் சேர்த்த பணம் மொத்தமும், என் மனைவி மோதிரத்துக்கென்று பார்த்து வைத்திருக்கும் வைரக்கல்லுக்குப் போகவிருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. கல்லே காட்டிக் கொடுத்துவிட்டால் நான் எதற்கு வாய் திறக்க வேண்டும்?

"அவசரப்படாதே. நல்ல லூப் ஒண்ணு வாங்கி நானே பார்க்கிறேன்" என்றேன். லூப் என்பது நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துக் கல்லைப் பார்க்கும் குட்டி லென்ஸ்.

"அதான் சரி. நானும் வரேன்." சண்டை போடுவாள் என்று பார்த்தால், செருப்பை மாட்டுகிறாள்!

லென்ஸ் கடையில் முப்பது மடங்கு பெரிதாக்கும் லூப்பில் கை வைத்தேன். கல் பெரிதானால் குறையும் பெரிதாகும் அல்லவா?

"ஏங்க, அது வேண்டாம். லேசா கை ஆடினாலும் ஒண்ணும் தெரியாது. பத்து மடங்கு போதும்."

"உனக்கு யார் சொன்னா?"

"நகைக்கடைக்காரரே பத்துலதான் பார்க்கிறார்."

கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு லூப்பாக அதன்மேல் பிடித்துப் பார்த்தாள். "இதுல ஓரத்துக் கோடெல்லாம் வளையுது. இதுல கோட்டைச் சுத்தி நீலம் மஞ்சள்னு சாயம் தெரியுது, கல்லோட நிறத்தையே மாத்திக் காட்டும். இது மூணு கண்ணாடியை ஒட்டினதாம். எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கத்தியை இவள் எதற்குத் தீட்டிக் கொடுக்கிறாள்?

நகைக்கடையில் லூப்பைக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்த்தேன். நகைக்கடைக்காரர் சிரித்தார்.

"கண்ணோட ஒட்டி வைங்க சார். கல்லைக் கிட்ட கொண்டு வாங்க. இன்னொரு கண்ணையும் மூடாதீங்க."

வைத்தேன். அடேயப்பா! உள்ளே ஒரு மாளிகையே இருந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் புதிதாக ஒரு கதவு திறந்து வெளிச்சம் கொட்டியது. வந்த வேலையே மறந்துபோயிற்று. அப்போதுதான் ஒரு மூலையில், சின்ன இறகு விழுந்த மாதிரி, வெள்ளையாக ஒரு கீறல்.

"குறை இருக்கு!" கடையே திரும்பிப் பார்த்தது. "வா, வீட்டுக்குப் போகலாம்."

அவள் அசையவில்லை. "அண்ணே, கேட்டீங்களா? சுத்தமான கல்லு, பைசா குறைக்க மாட்டேன்னீங்களே?"

அவர் தன் லூப்பை எடுத்துப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். விலை சரிபாதியாக இறங்கிவிட்டது.

"ஒரு வாரமா கெஞ்சிப் பார்த்தேங்க, மனுஷன் இறங்கி வரல. நீங்க வந்ததும் பாருங்க!" என்றாள் பெருமையாக.

நான் மெல்ல இழுத்தேன். "அப்ப மீதிப் பணம்..."

"இதே அளவுல இன்னொரு கல் எடுங்கண்ணே. மோதிரம் வேண்டாம், தோடாவே பண்ணிடலாம்." வந்த கல்லை என் பக்கம் நகர்த்தினாள். "நிதானமாப் பாருங்க. உங்க கண்ணுக்கு எதுவும் தப்புமா?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், முழு விலைக்கு மீதிப் பணம் போதாமல் என் சைக்கிள் தப்பியிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் புகழ்ந்துவிட்டாளே! இரண்டாவது கல்லில் இரண்டு குறை கண்டுபிடித்துக் கொடுத்தேன்.