கரடியின் எக்ஸாஸ்ட் பிரேக்கும் கழுதையின் கருநாக்கும்

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று கேட்காதீர்கள், கேட்டால் உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டி வரும்) போசராசன் என்றொரு கரடி டீசல் பிக்கப் வண்டி வைத்திருந்தது. மலைமேல் விளைகிற பலாப்பழத்தை ஏற்றி, பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரச் சந்தையில் சேர்ப்பது தொழில். வண்டி கரடியுடையது, இறக்கத்தில் போகிற உயிர் மட்டும் ஓட்டுநருடையது. அந்த ஓட்டுநர் ஒண்டிமுத்து என்ற கழுதை.

ஒண்டிமுத்துக்கு முன்னால் வண்டி ஓட்டியது ஒரு காட்டுப்பன்றி. ஏழாவது வளைவில் பிரேக் பிடிக்காமல் பள்ளத்துக்குப் போனது. கரடி வண்டியை மேலே தூக்கி, ஒடுக்கெடுத்து, பெயின்ட் அடித்தது. பன்றிக்கு ஒரு மாலை போட்டது. அப்போது கிளீனராக இருந்த கழுதை, காய்ச்சல் என்று அன்றைக்கு வீட்டில் படுத்திருந்தது. மறுவாரமே அதை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

இப்போது அதே ஏழாவது வளைவில் கழுதைக்கும் பிரேக் சூடேறிப் புகைந்தது. மண்மேட்டில் வண்டியை உரசி, எப்படியோ நிறுத்தியது. நேராக முதலாளி முன்னால் போய் நின்றது.

"முதலாளி, கால் பிரேக்கை மட்டும் நம்பி இனி நான் இறங்க மாட்டேனுங்க. வீட்ல ரெண்டு குட்டி இருக்குது. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டுக் குடுங்க. இல்லைன்னா வேற ஆள் பாத்துக்கங்க."

கரடி மூன்று நாள் வேறு ஆள் பார்த்தது. பன்றியின் கதை தெரிந்த எந்த மிருகமும் வரவில்லை. அதன் பிறகுதான் அதற்கு ஓட்டுநர் நலனில் திடீர் அக்கறை பிறந்தது.

மெக்கானிக் வேலாண்டி ஒரு முள்ளம்பன்றி. அது கரடிக்குப் பொறுமையாக விளக்கியது. "புகைக்குழாய்க்குள்ள ஒரு கதவு மாதிரிங்க. இறக்கத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா மூடிக்கும். புகை போக வழியில்லாம எஞ்சின் திணறும். திணறுற எஞ்சின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். கால் பிரேக் சூடாகாது."

"அப்ப இருக்கிறதுலயே பெருசாப் போடு. லாரிக்குப் போடுறதைப் போடு."

"உங்க எஞ்சின் எவ்வளவு அழுத்தம் தாங்குமோ அதுக்கு ஏத்ததுதாங்க போடணும். லாரியோடதைப் போட்டா வால்வு போயிரும்."

"சத்தமாவது வருமா?"

"கொஞ்சம் வருமுங்க."

"அந்த மாடலே போடு. அப்புறம் வெளிய நல்லாத் தெரியிற மாதிரி மாட்டு."

"டர்போவுக்குப் பின்னால, அடியிலதாங்க மாட்டணும்."

"அடியில மாட்டுனா எவன் குனிஞ்சு பார்ப்பான்?" என்று கரடி நிஜமாகவே வருத்தப்பட்டது. உயிர் காக்கிற சாமானாக இருந்தாலும் நாலு பேர் பார்க்காவிட்டால் கரடிக்கு அது தண்டம்தான்.

வேலாண்டி பிடிவாதமாக இருந்து, குழாயை அளந்து, பொருத்தமானதைத் தேடி எடுத்து, இருக்க வேண்டிய இடத்தில் மாட்டியது. கியர் குச்சிக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்தது. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். கரடி தன் பங்குக்கு வண்டியின் முதுகில் 'எக்ஸாஸ்ட் பிரேக் வண்டி, எட்டி வரவும்' என்று எழுதி வைத்தது.

மறுநாள் கழுதை இரண்டாவது கியரில், பொத்தானை அழுத்திக்கொண்டு இறங்கியது. வண்டி நல்ல மாடு போல நிதானமாக நடந்தது. அடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தது கழுதை. சூடே இல்லை. அதற்குக் கண் கலங்கிவிட்டது.

கரடிக்கும் கண் கலங்கியது, வேறு காரணத்தால். "ஏன்டா, கியர்லயா இறக்குனே? என் டீசல் என்னாகுறது? இறக்கத்துல நியூட்ரல்ல விடணும்டா!"

"நியூட்ரல்ல போட்டா எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடுப்பே இல்லைங்க. எக்ஸாஸ்ட் பிரேக் எதைப் பிடிக்கும்? கியர்ல போட்டு, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு இறங்குனா டீசலும் போகாதுன்னு வேலாண்டி சொன்னாப்பல."

"எங்க அப்பா இந்த மலையில நியூட்ரல்லதான்டா இறங்குனார்."

கரடியின் அப்பாவிடம் வண்டியே இருந்ததில்லை. தேனீ துரத்தியபோது ஒருமுறை உருண்டு இறங்கியிருக்கிறார், அவ்வளவுதான். அதைச் சொல்ல யாருக்குத் துணிச்சல்?

"நாளைக்கு நானே ஓட்டுறேன். பக்கத்துல உட்கார்ந்து கத்துக்க" என்றது கரடி.

மறுநாள் முழு லோடு. முதல் வளைவிலேயே கரடி நியூட்ரலுக்குத் தள்ளியது. வண்டி ஓடியது. மூன்றாவது வளைவில் பறந்தது.

"முதலாளி, இப்பவே கியர்ல போடுங்க. ஏழாவது வளைவுல பிரேக் பிடிக்காதுங்க!"

"வாயை மூடு. பிரேக்தான் புதுசா போட்டிருக்கே!"

ஏழாவது வளைவு வந்தது. கால் பிரேக் கருகி நாறியது. கரடி பொத்தானை அழுத்தியது. சிவப்பு விளக்கு அழகாக எரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. அந்த வேகத்தில் கியர் கரகரவென்று கத்தியதே தவிர உள்ளே விழவில்லை. கரடி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. கழுதைதான் பாய்ந்து, பள்ளத்துக்குப் போகவிருந்த வண்டியை மண்மேட்டுப் பக்கம் திருப்பியது. வண்டி மோதிக் கவிழ்ந்தது. பலாப்பழங்கள் காட்டுக்குள் ஓடின. கழுதைக்கு ஒரு கால் முறிந்தது. கரடிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்ட கரடியின் வாயில் வந்த முதல் பேச்சு இதுதான்: "பாவி, வாய் வச்சான். விழுந்துருச்சு!"

விசாரிக்கச் சிங்கம் வந்தது. பழுதான வண்டியை அது பார்க்கவில்லை. கழுதையைத்தான் பார்த்தது.

"ஏழாவது வளைவுல பிடிக்காதுன்னு சொன்னியா?"

"சொன்னேனுங்க."

"சரியா ஏழாவதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பன்றியண்ணன் விழுந்ததும் அங்கதானுங்க. அன்னிக்குக் காய்ச்சல்ல கிடந்த என்னை வீட்ல வந்து பாத்துட்டுத்தான் போனாரு; 'ஏழாவது வளைவு, பாத்துப் போங்கண்ணே'ன்னு சொல்லித்தான் அனுப்புனேன்."

கூட்டம் 'அடப்பாவி' என்று இரண்டடி பின்வாங்கியது. சிங்கம் மீசையைத் தடவிக்கொண்டது. "ஓ, அதுவும் நீதானா?"

தீர்ப்பு பத்தே நிமிடத்தில் வந்தது. கழுதைக்குக் கருநாக்கு; வேலை இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் ராசியில்லாதது. கழற்றி எறிய வேண்டும். அதற்குப் பதிலாக வண்டி முகப்பில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்ட வேண்டும். கரடிக்குப் பரம திருப்தி. எலுமிச்சம்பழத்தை எஞ்சினுக்குத் தக்கபடி தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அடியில் மாட்ட வேண்டியதில்லை. எல்லோர் கண்ணுக்கும் நன்றாகத் தெரியும்.

நியூட்ரலைப் பற்றி அந்தக் காட்டில் இன்றுவரை ஒருவரும் பேசவில்லை.

அடுத்த மாதம் புது ஓட்டுநராக ஒரு செம்மறியாடு சேர்ந்தது. கட்டுப்போட்ட காலோடு சாலையோரம் நின்ற கழுதையைப் பார்த்து வண்டியை நிறுத்தியது. "அண்ணே, மலை இறங்கப் போறேன். எதாவது சொல்லணுமா?"

கழுதை அதன் முகத்தைப் பார்த்தது. நியூட்ரலில் நின்ற கியர் குச்சியைப் பார்த்தது.

"நல்லபடியாப் போயிட்டு வாப்பா" என்றது. வண்டி வளைவில் மறைந்ததும், மாலை ஒன்று சொல்லி வைக்க, நொண்டி நொண்டிப் பூக்கடைப் பக்கம் நடந்தது.

நீதி: முன்னால் பள்ளம் இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாதே. விழுந்தவன் எழுந்து வந்து, அதைத் தோண்டியவனே நீதான் என்பான்.